சிக்ஸ்டனின் மூச்சு சன்னல் வழியே போன விதம்

அன்று மேசையில் இருந்தவர்கள்: சிக்ஸ்டன், அவர் மனைவி யெர்டா, தோட்டச் சங்கத் தலைவர் ஹோல்கர், நான். நடுவில் சதகுப்பை போட்டு வேகவைத்த ஆற்று இறால், பெரிய தட்டில்.

இறாலை நாங்கள் ஆறவைத்துத்தான் தின்போம், டாக்டர். அதனால் காத்திருப்பதில் இறாலுக்கு ஒரு நட்டமும் இல்லை. குளிரவைத்த ஸ்னாப்ஸ் சாராயம்தான் சூடேறிப்போகும். ஆகஸ்ட் விருந்தில் ஒவ்வொரு குட்டிக் கிளாஸுக்கும் முன்னால் ஒரு பாட்டு உண்டு, அது முடியாமல் யாரும் உதட்டில் வைக்கக் கூடாது. எங்கள் தோட்டக் குடில்களில் பாட்டுத் தலைவர் சிக்ஸ்டன். அவரே எழுதுவார், அவரே பாடுவார், நிறுத்தமாட்டார். என்னிடமும் ஒரு பாட்டு இருந்தது. ஒவ்வொரு வருடமும் சட்டைப்பையில் மடித்துக்கொண்டு போய் அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன். அதை மனதில் வைத்து நான் எதையும் செய்யவில்லை. அவர் உடம்பு தேற வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலையில் அவரே வேலியோரம் வந்து கேட்டார்.

"யோவ் எவர்ட், நீ டாக்டருக்குப் படிச்சவன்தானே? நெஞ்சுக்குழிக்குக் கீழ தீயா எரியுது. நாலு வாய் தின்னா வயிறு ரொம்பிடுது. ஏப்பம் வேற."

"பாதியில விட்டவன்யா நான்."

"என் ஏப்பத்துக்குப் பாதி படிப்பு போதும்."

இரைப்பையின் உள்தோல் புண்ணாகி வீங்கியிருக்கலாம் என்று சொல்லி உங்களிடம் அனுப்பினேன். கிருமி இருக்கிறதா என்று பார்க்க, வீட்டிலேயே செய்யும் மூச்சுச் சோதனையை நீங்கள் கொடுத்தீர்கள். வெறும் வயிற்றோடு ஒரு குழாயில் ஊத வேண்டும். பிறகு மாத்திரையை விழுங்கி, சற்றுப் பொறுத்து இன்னொன்றில் ஊத வேண்டும். கூடவிருந்து உதவினேன்.

"இது பெப்பர்மிண்ட் மாதிரியே இருக்கே."

"இப்பல்லாம் ருசியா பண்றாங்க."

அது பெப்பர்மிண்ட்தான். அவர் ஊதி முடித்து வெள்ளரிக்குத் தண்ணீர் விடப் போனதும் மூடிகளைத் திறந்து அவர் மூச்சை வெளியே விட்டேன். சன்னல் வழியாகப் போயிற்று. பிறகு முதல் குழாயில் நான் ஊதினேன், உங்கள் மாத்திரையை விழுங்கினேன், இரண்டாவதிலும் ஊதினேன். என் மூச்சில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஏப்ரலில் என் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். நீங்கள் எழுதிக்கொடுத்த மருந்து இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைச் சாப்பிடும் நாட்களில் குடிக்கக் கூடாது என்றீர்களே.

அதே மருந்து சிக்ஸ்டனுக்கும் கிடைத்தது. குடிக்காதவர் பாட்டுத் தலைவராக இருக்க முடியாது, அது எங்கள் வழக்கம். விருந்து மருந்து நாட்களுக்குள் வந்தது தற்செயல். தேதியைக் குறித்தவன் நான்தான் என்றாலும்.

விருந்துக்குப் பிறகு, மருந்து முடிந்தும் அவருக்கு எரிச்சல் போகவில்லை என்று கேமராக் குழாயை விட்டுப் பார்த்தீர்கள். உள்ளே சிவந்து, அங்கங்கே தோலுரிந்து கிடந்தது. என்ன காரணம் என்று கேட்கிறீர்கள். முதுகுவலி மாத்திரை. உருளைக்கிழங்கு நட்ட நாளிலிருந்து தினமும் காலையில் நான்தான் கொடுத்து வருகிறேன். வெறும் வயிற்றில், கறுப்புக் காப்பியோடு போட்டால்தான் நேராக முதுகுக்குப் போகும் என்று சொன்னேன். அது இரைப்பையை அரித்துவிடும் என்பது முதல் வருடப் பாடம். அன்று நான் வகுப்புக்குப் போயிருந்தேன்.

விருந்தில் சிக்ஸ்டன் பழச்சாற்றோடு உட்கார்ந்திருந்தார். "இந்த வருஷம் நீ பாடுப்பா," என்றார். பெருந்தன்மையான மனிதர்.

"சின்னதா பாடு, நாக்கு வறண்டுபோச்சு," என்றார் ஹோல்கர்.

என் பாட்டு இரைப்பை அழற்சியைப் பற்றியது. காரணங்கள், அறிகுறிகள், பரிசோதனை என்று மூன்று பாகம். காரணங்களில் சளிப்படலம் கரையும் இடத்தில் யெர்டா உறிஞ்சிக்கொண்டிருந்த இறால் தலையைக் கீழே வைத்தாள்.

"எவர்ட், வாந்தி வர்ற பாகம் முடிஞ்சுதா?" என்றார் ஹோல்கர்.

"இனிமேதான்."

"கடவுளே. கிளாஸையாவது தொடலாமா?"

"பாட்டு முடியட்டும்."

ஹோல்கர் கையை மேல்வயிற்றில் வைத்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. யெர்டாவுக்குக் குமட்டல். ஒருவருக்கும் பசியில்லை. எல்லாம் என் பாட்டில் உள்ள வரிசைப்படியே. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது என்றால் கிருமி குடிதண்ணீரில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். அவர்களையும் சோதித்துவிடுங்கள். ஊதும் குழாய்களை நானே வாங்கிப்போகிறேன்.

ஹோல்கர் பாதிப் பாட்டில் எழுந்து தோட்டத்துக் கேட் வழியாகப் போய்விட்டார். மருந்து சாப்பிடும் மனிதர் என்றும் பாராமல், சிக்ஸ்டன் மட்டும் எனக்காக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பரிசோதனைப் பாகத்தில், கேமரா தொண்டையைத் தாண்டும் கண்ணியில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். யெர்டா அவரைத் தாங்கிக் குடிலுக்குள் கூட்டிப்போனாள். கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா. சாவித்துவாரத்தில் வாயை வைத்து, மிச்சத்தை மெதுவாகத்தான் பாடினேன்.