நான்கு விடைகளையும் மூடிய கை

பிள்ளைகளே, கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கையில் போனை வைத்துக்கொண்டு, "மொதலாம் எடத்த நானே அழிச்சிட்டேன்டி" என்றாள். அதன் பிறகு என் காது அங்கேதான் இருந்தது.

"பைத்தியமா சுகந்தி? வெப்சைட் செய்யப் படிக்கிற அந்த வெளையாட்டுலயா? எவ்வளவு பொயின்ட் வச்சிருந்த!"

"பொயின்ட் இருந்திச்சி. இன்னைக்கி வேலைக்கி டெஸ்ட் வச்சாங்கல்ல, வெறும் ஸ்கிரீனக் குடுத்து ஒரு பக்கம் செய்யச் சொன்னாங்க. ஒரு வரிகூட வரல."

"அவ்வளவு படிச்சுமா?"

"எங்க படிச்சேன்? கேள்விக்கு நாலு விட காட்டும். சரின்னு பச்ச வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா அமுத்துவேன். பொயின்ட் ஏறும்."

"அப்ப வேல?"

"அடுத்த மாசம் திரும்ப வரவான்னு கேட்டேன். வாங்கன்னாங்க. அதான் எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து தொடங்குறேன்."

தோற்ற இடத்திலேயே நின்று அப்படிக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

போனில் முதல் கேள்வி வந்ததும் சுகந்தி நான்கு விடைகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு யோசித்தாள். பஸ் வளைவில் சாய்ந்தபோது கை நழுவியது. தோழி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"நான் சொல்லவா?"

"வாயத் தொறந்த, அப்புறம் ஒங்கூட பேசவே மாட்டேன்."

தோழி சிரித்தாள். பிறகு தன் கையால் அந்த விடைகளை மூடினாள்.

"நீ கம்பியப் புடிச்சிக்கிட்டு நல்லா யோசி. நீ சொல்ற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன்."

தெல்தெனியவில் நான் இறங்கும்போதும் தோழி கையை எடுக்கவில்லை.