தீயில் காட்டாத கத்தி

மழைக்காலத்தில் ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இன்ஸ்பெக்டர். அதனால் அன்று எல்லோரும் சும்மா இருந்தோம். செடிக்கொட்டிலில் இருந்தவர்கள் நான், என் தங்கை பகவதியம்மாள், அவள் மகன் கிருஷ்ணமணி, வேலையாள் தங்கப்பன். வேறு யாருமில்லை.

நாகர்கோவிலிலும் குளச்சலிலும் ஆர்க்கிட் வளர்க்கும் பெரிய வீடுகளில் செடியைப் பிரித்து நட என்னைத்தான் அழைப்பார்கள். முதல் வெட்டு மேலவீட்டாரான எங்கள் கையால் விழவேண்டும் என்பது எங்களுக்குரிய மரியாதை. அப்பாவின் கத்தியோடு போவேன். தீயில் காட்டினால் பதம் போய்விடும் என்று அப்பா சொல்லியிருந்தார். துணியால் துடைப்பதோடு சரி.

கிருஷ்ணமணி கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவன். ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்தான். மஞ்சள் கோடுகள், நடுவே கறுத்த திட்டுகள். எங்கள் வெள்ளைப் பூவிலும் பழுப்புக் கீறல் விழுந்திருந்தது. வைரஸ் என்றான்.

"ஏலே, கஷாயம் வச்சுக் குடுப்பமா?" என்று தங்கை சிரித்தாள்.

"நீ வச்சா செடியும் ஓடிரும்மா. இதுக்கு மருந்து கெடையாது, எரிக்கணும். பாக்க நல்லா இருக்குற செடியும் உள்ள வச்சிருக்கும். விட்டா அடுத்ததுக்குப் போவும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, தீயில காட்டாத நம்ம கத்தியில சாறு ஒட்டித்தான் நோய் வீடு வீடாப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை செடி வளக்குற வீட்டுக்காரங்க எல்லாரும் கூடும்போது சொல்லிருதேன்."

"மழை கூடிப்போச்சுன்னு சொல்லு மக்கா."

"அப்பம் அவங்க செடியும் போவுமே, மாமா."

அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். கோபம் வரவில்லை. அவன் சொன்ன முறை நியாயமாகவே பட்டது. பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வைத்திருப்பதை, அடுத்த வீட்டுக்குப் போகுமுன் அகற்றிவிட வேண்டும்.

ஓடைக்கு அக்கரையில் வைத்து எரிப்போம் என்றேன். அவனுக்குச் சந்தோஷம். மறுநாள் விடிந்ததும் நான் முன்னே போனேன். ஓடையில் வெள்ளம் சுழித்து ஓடியது. மரப்பாலத்தில் எந்தப் பலகையைத் தாண்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் தலையில் செடிக்கூடை. குனிந்து பார்க்க வழியில்லை. தண்ணீர் அதிகம், சீக்கிரம் வா என்று அக்கரையிலிருந்து கூப்பிட்டேன்.

பெரிய வீட்டார் அத்தனை பேரும் துக்கத்துக்கு வந்தார்கள். கருமாதி முடிந்ததும் குளச்சல் வைகுண்டராஜன் செடி பிரிக்க அழைத்தார். போய் வெட்டிக் கொடுத்தேன். மறுத்திருந்தால் காரணம் கேட்டிருப்பார்.

தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், நான் பொருட்படுத்தவில்லை.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கிருஷ்ணமணியை நான் வெள்ளத்தில் தள்ளிவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். அது பொய். மேலவீட்டில் யாரும் சொந்தப் பிள்ளைமேல் கை வைத்ததில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் ஆணி பிடுங்கி வைத்திருந்த பலகையில், அவனாகத்தான் காலை வைத்தான்.