நாலடி ஆழத்தில் ஒரு தங்கக் குதிரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா, உங்கள் ஸ்டேஷன் தேநீர் நன்றாக இருக்கிறது. போலீஸ் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும் என்று டெஸ் சொல்வான். அவன் சொன்னதில் பாதி எப்போதும் தப்பு.

நான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். நாற்பது வருஷமாக நார்ஃபோக்கில் உள்ள பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் என் காதை நம்பித்தான் பாடின. அந்தக் காதுதான் என்னை மண்ணுக்குள் உலோகம் தேடும் இந்த மெஷினிடம் கொண்டுபோய் விட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தட்டு மாதிரி இருக்கும் அதன் அடிப்பக்கத்தால் தரையைத் தடவிக்கொண்டே போனால், மண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் தன் குரலில் பேசும். இரும்பு உறுமும். பீர் டப்பாவின் மூடி கீச்சென்று ஏமாற்றும். பழைய வெள்ளிக்காசு பாடும். தங்கம் எப்படிப் பேசும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. பதினான்கு வருஷமாகக் காத்திருந்தேன்.

டெஸ், முழுப்பெயர் டெஸ்மண்ட் தர்க்கெட்டில், ஓய்வு பெற்ற தபால்காரன், இப்படி மெஷினோடு தேடுகிறவர்களின் சங்கத்தில் எனக்குப் பழக்கமானவன். ஞாயிறுதோறும் என் வேனில்தான் வருவான். வழி முழுக்க வாய் ஓயாது. எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

திருமதி பாஸ்க்கின் காட்டில் தேட அனுமதி வாங்கியது நான். ஆறு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பி, அவர் வீட்டுப் பியானோவுக்குச் சும்மாவே சுருதி சேர்த்துக் கொடுத்து வாங்கினேன். காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளி. ரோமானியர்கள் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் அச்சடித்த தங்கக்காசு, ஒருபக்கம் குதிரை போட்டது, ஒன்றாவது அங்கே கிடக்கிறது என்று என் மனசு அடித்துச் சொன்னது. சாவதற்குள் அதில் ஒன்று. அவ்வளவுதான் என் ஆசை.

அந்தப் புல்வெளியில்தான் அவருடைய பன்ச் என்ற மட்டக்குதிரை மேயும். அதனால் ஒரே நிபந்தனை, குழியை மூட வேண்டும். எங்கள் தொழிலுக்கும் அதுதான் முதல் மரியாதை. புல்லை மூன்று பக்கம் வெட்டி, பெட்டி மூடி மாதிரித் திறக்க வேண்டும். மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பில் கொட்ட வேண்டும். குழியையும் கொட்டிய மண்ணையும் மறுபடி ஒருமுறை மெஷினால் தடவிப் பார்த்துவிட்டு, மண்ணைத் திருப்பிப் போட்டு, புல்லைச் சாத்தி மிதிக்க வேண்டும். பிறகு நீங்களே தேடினாலும் இடம் தெரியக்கூடாது. டெஸ் காலால் நாலு தள்ளுத் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

செப்டம்பரில் பன்ச் அவன் குழியில் காலை விட்டு நான்கு நாள் நொண்டியது. திருமதி பாஸ்க் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களை வாங்கு வாங்கு என்று வாங்கினார்.

"இன்னொரு குழி என் கண்ணுல பட்டுது, ரெண்டு பேரும் வெளிய. அந்த வாயில்லா ஜீவன் கால் ஒடைஞ்சா ஒங்க காலை நான் ஒடைப்பேன். புரியுதா?"

"அம்மா, ஒங்க குதிரையும் கொஞ்சம் கீழ பாத்து நடக்கலாமே" என்றான் டெஸ். அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருஷக் கனவு அவனுடைய பூட்ஸ் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் மூன்றாவது ஞாயிறு. அருமையான வெயில். பத்து மணிக்கு அவன் கத்தினான்.

"டேய் கிளெம்! குதிரைடா! குதிரை!"

தங்கம் எடுத்தவன் ஆடியே தீர வேண்டும், இது எங்கள் வழக்கம். அறுபத்தெட்டு வயதில், அந்தத் தொந்தியோடு, முழங்காலை மார்பு வரை தூக்கித் தூக்கி ஆடினான். நான் கைதட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனுக்காக உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி நீ இதே எடத்துலதானடா தடவிட்டுப் போன?" என்றான் மூச்சு வாங்க. "அது காதா, காலிஃபிளவரா? எனக்குக் குதிரை, ஒனக்குப் பேண்ட் பட்டன்!"

நல்ல கிண்டல்தான். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

"குழியை மூடு, டெஸ்" என்றேன்.

"தங்கம் எடுத்தவன் மூடுவானா? பட்டன் எடுத்தவன் மூடட்டும்."

மண்வெட்டி என் கையில் இருந்தது. ஓங்கி ஒரு அடி. பிறகு இன்னொன்று, அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது என்பதால்.

அவன் குழியையே அகலமாக்கினேன். வேர் குறைவான நல்ல மண். நடுவில் என் ரொட்டியைச் சாப்பிட்டேன். அவன் கொண்டுவந்த பன்றிக்கறி பஃப்ஸையும் சாப்பிட்டேன், வீணாகப் போகக் கூடாதல்லவா. அவன் காசை அவன் சட்டைப்பையிலேயே போட்டுப் பொத்தானை மாட்டினேன். பிறர் கண்டெடுத்ததை நான் தொடமாட்டேன். அங்கேதானே உங்களுக்குக் கிடைத்தது?

நாலடி வந்ததும் நின்றேன். இனி அவனை இறக்கலாம். ஆனால் தடவிப் பார்க்காமல் குழியை மூடி எனக்குப் பழக்கமில்லை. மெஷினை உள்ளே விட்டேன்.

அம்மா, அது பேசியது. நான் தொட்ட எந்தப் பியானோவிலும் இல்லாத ஒரு ஸ்வரம், உருண்டையாக, இளஞ்சூடாக. விரலால் மண்ணை நீக்கினேன். நேற்றுத்தான் அடித்த மாதிரி பளபளவென்று ஒரு தங்கக் குதிரை. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, இரண்டும் ஒன்றாக வந்தது. மேலே ஏறி ஆடினேன். பதினான்கு வருஷ ஆட்டம் மொத்தத்தையும் ஆடினேன். தனியாக ஆட ஒரு மாதிரி இருந்ததால் டெஸ்ஸை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு இறக்கினேன், மூடினேன், புல்லைச் சாத்தினேன், மிஞ்சிய மண்ணை ஓடையில் கொட்டினேன். புதன்கிழமை திருமதி பாஸ்க் போன் செய்தார்.

"தேடித் தேடிப் பாத்தேன், ஒரு குழி கூடக் கண்ணுல படல. ஒங்க சிநேகிதர் திருந்திட்டாரு போல?"

"இனிமே அவனால தொந்தரவு இருக்காதுங்கம்மா" என்றேன்.

ஸ்பெயினில் உள்ள தங்கையிடம் போயிருக்கிறான் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அருங்காட்சியகப் படிவத்தை நான் நிரப்பாமல் இருந்திருந்தால் இப்போது உங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் கிடைத்ததைப் பதிவு செய்யாதவன் திருடன். அருங்காட்சியகத்தில் இதற்கென்றே இருக்கும் ரோவீனா பீல்ஸிடம் கொண்டுபோனேன். அந்தப் பெண் காசை விளக்கில் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இடம், நாள், ஆழம், எல்லாம் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன்.

"மிஸ்டர் அட்டிங், ஆழம் நாலு அடின்னு போட்டிருக்கீங்க. அங்குலந்தானே?"

"இல்லம்மா, அடிதான். அளந்து பாத்தேன்."

"ஒங்க மெஷினுக்கு ஒரு அடிக்குக் கீழ இருக்கிற காசு கேக்காதே. அப்புறம் எதுக்கு அவ்வளவு ஆழம் தோண்டினீங்க?"

நாலு அங்குலம் என்று எழுதியிருக்கலாம். டெஸ்ஸாக இருந்தால் கூசாமல் எழுதியிருப்பான். எனக்கு அந்தப் பொய்க்குக் கை வரவில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "டெஸ்மண்ட் எங்க, மிஸ்டர் அட்டிங்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒரு விண்ணப்பம். ஒரே இடத்தில் இரண்டு தங்கக்காசு என்றால் சட்டப்படி அது புதையல். பதிவேட்டில் இரண்டு பேர் பெயரும் வரட்டும், அவன் பெயர் முதலில் இருந்தாலும் சரி. பொறாமைப்பட்டேன் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். இது குழியைப் பற்றிய விஷயம்.

டாக்டர் அறிக்கையைத் திருப்பி என் பக்கம் வைக்கிறீர்கள். படித்துவிட்டேன். அடி பின்பக்கம் விழுந்தது, முழங்காலில் மண், கையில் புல். எல்லாம் சரிதான். கிண்டல் செய்து முடித்ததும், "சரி சரி, மூடித் தொலைக்கிறேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்று மண்டியிட்டு மூடிக்கொண்டுதான் இருந்தான்.

ஆனால் புல்லைத் தலைகீழாக வைத்தான், அம்மா.