யூதாசுக்குப் பெண் கொடுப்பது

“யூதாசுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேண்ணே!”

திருக்கனூரிலிருந்து வில்லியனூர் வரும் பஸ்ஸில், முன் இருக்கை அம்மாள் தன் அண்ணனிடம் இப்படிச் சொன்னதும், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். காதை மறைக்க மனம் வரவில்லை. மாப்பிள்ளைப் பையன் வருடா வருடம் மாதா கோயிலில், ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் யூதாஸ் வேஷம் கட்டுகிறவனாம். எனக்கோ, எங்கள் பங்குக் கோயில் நாடகத்தில் கூட்டத்தோடு நின்று கத்துகிற வேஷம்கூட ஒருமுறைதான் கொடுத்தார்கள்.

புதுச்சேரியில் சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் அண்ணன் சமாதானம் சொன்னார்.

“அமெரிக்காவுல ஒரு நடிகரு கீறாரும்மா. நாடகத்துல ஆரம்பிச்சு சினிமாவுக்கு வந்தவரு. எல்லாப் படத்துலயும் கொலகாரன்தான். ஆனா வூட்டுல ஒரே பொண்டாட்டி, அஞ்சு புள்ளைங்க. வயசானதும் திரும்ப நாடகத்துக்கே பூட்டாரு. இன்னிக்கும் அந்தம்மாதான் பவுடர் பூசி மேடைக்கு அனுப்புறாங்களாம்.”

“அவருகூட அதே படத்துல நல்லவனா நடிச்சவரு?”

“அந்த ஆளா? நாலு கல்யாணம். நாலும் கோர்ட்டுக்குப் போச்சி.”

வில்லியனூர் கோபுரம் தெரிந்ததும் அம்மாள் அண்ணன் தோளில் தட்டினார்.

“சரி, பூ வெச்சிடலாம். ஆனா மொதல்ல போயி கோயில் சாமியாரைப் பாருண்ணே. இந்த வருஷம் பையனுக்கு ஏசுநாதர் வேஷம் தரப்போறாராம். வாணாம்னு சொல்லு.”