பாஞ்சாலியின் பெயரைத் திருத்தினேன்

அவையை அணிசெய்யும் தலைவி ஜெயஸ்ரீ அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் மேற்கு மாம்பலத்துத் தாய்மார்களே, கபாலியை நினைந்து உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

மானிடவியல் படித்த பெண்ணுக்குப் பத்திரிகையில் என்ன வேலை? கேட்டீர்கள். நானும் கேட்டேன். "மனுஷங்களோட உக்காந்து, அவங்க சொல்றதைக் கேட்டு எழுதறதும்மா. ரெண்டும் அதுதானே?" என்றாள் என் மகள் மணிமொழி. படிப்புக்காகச் சிந்தாதிரிப்பேட்டைக் கூவக்கரையில் ஓராண்டு உட்கார்ந்து, குடிசைவாசிகள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஓர் ஆசிரியர் தற்காலிக வேலை தந்தார். சிரிக்காதீர்கள் அம்மா, இனிமேல்தான் என் குற்றம் வருகிறது!

கரையோர மக்களிடம், அரசு தரும் மாற்றுவீட்டுக்குப் பணம் பிடுங்கும் தரகனைப் பற்றி எழுதினாள். கணினியில் ஏற்றியவள் நான். ஒரு பிழையும் பொறுக்காதவள் நான். நோட்டில், பணம் கொடுத்து ஏமாந்த கோயில் பூக்காரியின் பெயர் "பொன்னி" என்றிருந்தது. நாள்தோறும் எனக்குப் பூ தருபவளை எனக்குத் தெரியாதா? அவள் பாஞ்சாலி ஆயிற்றே! ஏழு இடத்திலும் திருத்தினேன். ஆசிரியருக்கு அனுப்பியும் விட்டேன்.

"பேரை மாத்தி எழுதறதுதாம்மா எங்க படிப்புல முதல் பாடம்!" என்று அலறினாள் மகள். ஆசிரியரோ, "நிஜப் பேர் இருந்தாத்தான் நம்புவாங்க. எடுக்கச் சொன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை" என்றுவிட்டார்.

பாஞ்சாலியிடம் ஓடினோம். "இன்னாக்கா, பூ வாங்க வந்துட்டு பேரையும் வாங்கினு போய்ட்டியா?" என்று சிரித்தாள். சிரிப்பு சட்டென நின்றது. "புது வூட்டு டோக்கன் அந்த புரோக்கரு கைல கீது. பேரு வந்தா நானும் புள்ளைங்களும் ரோட்லதான்."

மணிமொழி அங்கேயே ஆசிரியரை அழைத்தாள். "அவன் பணம் பிடுங்கினதை இன்னும் மூணு வீட்ல தனித்தனியா கேட்டு எழுதி வச்சிருக்கேன் சார். நோட்டோட வரேன், நீங்களே பாருங்க. ஆனா அவங்க பேரு வெளிய போகாது."

நான் இங்கே பேசும் இந்நேரம் அந்த ஆசிரியர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். வேலை நிலைக்குமா? அச்சு நிற்குமா? அறியேன், தாய்மார்களே, அறியேன்!

பொறுங்கள்... தலைவி அவர்களே, மன்னிக்கவும், கைப்பேசி அதிர்கிறது. அவள்தான். படிக்கிறேன். "பேரை எடுத்தாச்சும்மா. செய்தி வருது. என்னைத் திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்னுட்டார்."

கைதட்டாதீர்கள், கண் கலங்குகிறது. வேலை போனால் என் மகள் வேறு பத்திரிகையின் கதவைத் தட்டுவாள். வீடு போனால் பாஞ்சாலி எந்தக் கதவைத் தட்டுவாள்? இந்தப் படிப்பு என் பெண்ணைச் செய்தியாளர் ஆக்குமா என்று கேட்டீர்களே! ஆக்கிவிட்டது அம்மா, ஆக்கிவிட்டது!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மகள் தனியாக வருவாள்; எதிர்கொண்டு அழைக்க நான் கிளம்ப வேண்டும். வணக்கம்.