உபதேசியாரின் பேர்

சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், அவள் பக்கத்தில், மாதா கோயிலில் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார்.

"சாகக் கெடந்த எம் மகனுக்கு, சாமியார் வாரதுக்குள்ள நீங்கதான் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தீங்க. பொழச்சு, இப்ப திண்டுக்கல் போர்டிங்குல படிக்கிறான்."

"அன்னைக்கு நான் குடிச்சிருந்தேம்மா."

"தெரியும், வாடை அடிச்சுச்சு. சாமியாரக் கேட்டேன். ஊத்துனது யாரா இருந்தா என்ன, குடுக்கிறது ஆண்டவர், செல்லும்னுட்டாரு."

"என்ன பேர் வச்சேன்னுகூட ஞாபகமில்ல."

"அந்தோணின்னு சொல்லச் சொன்னோம். நீங்க தடுமாறி உங்க பேரச் சொல்லிட்டீங்க. அவனும் சூசைதான். ஸ்டாண்டுல நிப்பான், பாத்துட்டுப் போங்க."

அவர் கையில் திண்டுக்கல் டிக்கெட் இருந்தது. செம்பட்டியிலேயே இறங்கிவிட்டார்.