சிவப்புக் கட்டம் ஒண்ணுகூட இல்ல

ஐடா: கம்ப்யூட்டர்ல எரர் ஒண்ணும் இல்லன்னுதாங்க காட்டுது. படிச்சுக் காட்டினேனே.

ஜெயகரன்: அது லேசாப் பாக்கறது ஐடா. இன்னொரு தபா ஸ்கேன்டிஸ்க் ஓட்டணும். நீ கைய எடு, நான் போடறேன். ஆல்ட் புடிச்சி டி... இப்ப புள்ளி எங்க கீது?

ஐடா: ரெண்டாவதுல. 'தரோ'ன்னு போட்டுக்கீது.

ஜெயகரன்: அதான், முழுசாப் பாக்கறது. என்டர்.

ஐடா: மவுஸ் பக்கத்துலயே சும்மா கெடக்குது. என்னாண்ட வுட்டா...

ஜெயகரன்: அம்பு எங்க ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கீபோர்டுன்னா எது எங்கன்னு விரலுக்குத் தெரியும். என் கண்ணு போனப்புறம் இந்த வீட்ல நான் சொன்ன பேச்சு கேக்கறது அது ஒண்ணுதான்.

ஐடா: ஆமாமா, நான் எங்க கேக்கறேன். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்ல பெங்களூர் வண்டி நமக்காக நிக்காதுங்க.

ஜெயகரன்: டிஸ்க் போயிருந்தா வண்டி ஏறி இன்னா பண்றது? அமெரிக்கா டாக்டர் பேசின டேப்ப நான் கேட்டுக் கேட்டு அடிச்சது மொத்தமும் இதுக்குள்ளதான் கீது. அதப் பெங்களூர் கம்பெனில குடுத்தாத்தான் வேலை.

ஐடா: ஃப்ளாப்பில மொதல்ல காப்பி பண்ணிக்கலாம்னேன்.

ஜெயகரன்: கெட்ட டிஸ்க்குல இருந்து காப்பி பண்ணா அதுவும் கெட்டதாத்தான் இருக்கும்.

ஐடா: இன்னும் கெட்டுச்சின்னே யாரும் சொல்லல... நேத்து மெயின் சுவிட்ச இழுத்தது யாரு?

ஜெயகரன்: ஏர் பிளாஸ்ட்ல வீடே ஆடிச்சே. கீழ பாறை வெடிச்சா மொதல்ல கரண்டக் கட் பண்ணு, அதான் நம்ம பழக்கம். அண்டர்கிரவுண்டுல...

ஐடா: நாம இன்னா அண்டர்கிரவுண்டுலயா குடித்தனம் பண்றோம்? மைன்ஸே மூடிட்டாங்க. அதே ஆட்டம்தான் பக்கத்துல வேலு வீட்லயும். அவங்க டிவி நிக்கவே இல்ல.

ஜெயகரன்: எவ்ளோ ஓடிச்சி?

ஐடா: பாதிக்கு மேல. கம்ப்யூட்டர் ஓடும்போது பட்டுனு கரண்ட் போனா டிஸ்க்குக்கு ஆவாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்.

ஜெயகரன்: சிவப்பா கட்டம் எதனா வருதா? வந்தா அந்த எடம் கெட்டுச்சின்னு அர்த்தம்.

ஐடா: இல்ல.

ஜெயகரன்: நல்லாப் பாத்தியா?

ஐடா: பாத்துனே கீறேன். இல்லன்னா சந்தோஷப்படணும்ல... மூஞ்சி இன்னாத்துக்குத் தொங்குது?

ஜெயகரன்: தொங்கலியே.

ஐடா: எனக்குக் கண்ணு கீதுங்க. சொல்லுங்க.

ஜெயகரன்: பழக்கத்துல இழுக்கல ஐடா. தெரிஞ்சேதான் இழுத்தேன்.

ஐடா: ம்.

ஜெயகரன்: திட்டு. ராத்திரியும் பகலும் கூட உக்காந்து நான் அடிச்சத வரி வரியாப் படிச்சவ நீ. டிஸ்க் போச்சின்னா போவ வேணாமேன்னு... அந்த நேரத்துல அதுதான் தோணிச்சி.

ஐடா: ஏன் போவ வேணாம்? பரிட்சை டேப்பு அனுப்பினது அவங்கதான, நாமளா கெஞ்சினோம்?

ஜெயகரன்: அவங்களுக்கு எனக்குக் கண்ணு இல்லன்னு தெரியாது. நான் சொல்லல. போன்ல என் இங்கிலீஷக் கேட்டுட்டு நல்லா கீதுன்னாங்க, வாய மூடிக்கினேன். இப்ப உன் கையப் புடிச்சினு போய் வாசல்ல நின்னா... இன்னா மூஞ்சிய வச்சினு நிக்கறது?

ஐடா: இருங்க, முடிஞ்சிச்சி. பொட்டி வந்துக்கீது.

ஜெயகரன்: இன்னா போட்டுக்கீது?

ஐடா: 'டிட் நாட் ஃபைண்ட் எனி எரர்ஸ்.'

ஜெயகரன்: உண்மையப் படி.

ஐடா: உண்மைதான். சிவப்புக் கட்டம் ஒண்ணுகூட இல்ல. என்டர் அடிங்க... ஏன் கைய எடுத்துட்டீங்க?

ஜெயகரன்: திருப்பி அனுப்பிட்டா தாங்க மாட்டேன் ஐடா. பயமா கீது.

ஐடா: அனுப்ப மாட்டாங்க.

ஜெயகரன்: உனக்கு எப்படித் தெரியும்?

ஐடா: போன வாரமே பஜார்ல பூத்துக்குப் போய் அவங்களுக்குப் போன் போட்டேன். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிட்டேன். அதுக்கு, 'வண்டி எப்ப வருதுன்னு சொல்லுங்கம்மா, ஸ்டேஷனுக்கு ஆளு அனுப்பறோம்'னாங்க. நீங்களா வாயத் தொறப்பீங்கன்னுதான் இத்தினி நாளும் காத்துனு இருந்தேன்.